கன்னங்குறிச்சிக்கு ஒரு வண்டி, நாகலூருக்கு ஒரு வண்டி

சேலத்தில் பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுப்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காலேஜுக்குப் போய்வர என்று வாங்கும் வண்டி எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறிவிடும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் மலை கண்ணெதிரே நிற்கிறது. பதினெட்டு வயதில், கூட நாலு நண்பர்களும் இருக்கும்போது, மலை ஏறாமல் அங்கிருந்து திரும்பி வீட்டுக்கு வருகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதனால் ஊருக்குள் ஓட்ட எது வசதி என்று பார்த்தால் மட்டும் போதாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது எது பிள்ளையின் கைக்கு அடங்கி நிற்கும் என்றும் பார்த்துத்தான் வண்டி எடுக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வண்டி தேவைப்பட்டது. என் மகள் கன்னங்குறிச்சியிலிருந்து கருப்பூர் பக்கம் கல்லூரிக்குப் போக வேண்டும். என் தம்பி ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறான். அவன் மகன் சேலத்தில் பாலிடெக்னிக் கடைசி வருஷம். இருவருக்கும் சில மாத இடைவெளியில் பதினெட்டு முடிந்தது. தம்பிக்குத் தோட்டத்தை விட்டு இறங்க நேரமில்லை, என் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கடையை விட்டு நகர முடியாது. வருஷக்கணக்கில் ஸ்கூட்டி ஓட்டுகிறவள் என்பதால் ஷோரூம், பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடை, மெக்கானிக், ஆர்டிஓ ஆபீஸ் என்று எல்லா அலைச்சலும் என்னிடம் வந்து சேர்ந்தது. கடைசியில் இருவருக்கும் வேறு வேறு வண்டிதான் பொருந்தியது.

முதலில் வயதுக் கணக்கு. பிளஸ் ஒன் பையன் அப்பாவின் எக்செல்லை எடுத்துக்கொண்டு டியூஷன் போவது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. “சின்ன வண்டிதானே, பதினாறு வயசு ஆனா ஓட்டலாம்” என்று பலரும் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் பதினாறு வயது என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. பழைய டிவிஎஸ் ஃபிப்டி காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய எக்செல் 100-இன் இன்ஜின் 99.7 சிசி. அதற்கு முன்பு ஓடிய எக்செல் சூப்பரே கிட்டத்தட்ட 70. பெண் பிள்ளைகளுக்கென்று தேடி வாங்கும் ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8. இவை எல்லாமே பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்தவர்கள் ஓட்ட வேண்டியவை.

2019-இல் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி ஏதாவது குற்றத்தில் சிக்கினால் பெற்றவர்களோ வண்டியின் சொந்தக்காரரோதான் பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அதோடு அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. அபராதத்தைக்கூடக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் இல்லாமல் ஒரு பையன் எந்த வேலைக்குப் போவான் என்று யோசித்துப் பாருங்கள். விபத்தில் இன்னொருவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குக் கொடுத்த தொகையை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அது வீட்டை விற்கிற அளவுக்கும் போகும்.

மகள் பிளஸ் ஒன்னிலேயே வண்டி கேட்டாள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது, டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை, பதினெட்டு வரைக்கும் இரண்டையும் வைத்துச் சமாளி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சைக்கிள் காலம் பிறகு ரொம்பவே உதவியது. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பஸ் எந்தப் பக்கம் ஒடிக்கும், ஆட்டோ எங்கே திடீரென்று ஓரம் கட்டும், நிறுத்தியிருக்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் ஆக்சிலேட்டரைத் தொடும் முன்பே அவளுக்குப் பழகிவிட்டது. சைக்கிளே ஓட்டாமல் நேராக ஸ்கூட்டியில் ஏறும் பிள்ளைகள் இவை அத்தனையையும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்எல்ஆர் போடும்போதே கியர் வண்டியா, கியர் இல்லாததா என்று கேட்பார்கள். ஸ்கூட்டிதான் வாங்கப் போகிறோம் என்றாலும் கியர் வண்டிக்கே போடுங்கள். அந்த லைசென்ஸில் இரண்டையும் ஓட்டலாம். கியர் இல்லாததற்கு மட்டும் எடுத்தால் பிறகு கியர் வண்டியைச் சேர்க்க மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் டெஸ்ட். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். மகள் அவள் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் பழகித்தான் எட்டு போட்டாள். கால் தரையில் படாமல் எட்டு போடப் பழகும்போது கிளட்ச்சைப் பாதி பிடித்து வண்டியை ஊர்ந்து போகவைக்கும் பக்குவம் வந்துவிடுகிறது. சேலத்து நெரிசலுக்கு அதைவிட உதவும் பழக்கம் வேறு இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் வண்டி தேடுவது என்பதில் நானும் தம்பியும் உறுதியாக இருந்தோம். வண்டி வாசலில் நின்றுவிட்டால் டெஸ்ட் வரைக்கும் பொறு என்று பிள்ளையிடம் சொல்வது கஷ்டம்.

வண்டியை யார் பெயரில் எடுப்பது என்பதை வீட்டில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அப்பா பெயரில்தான் எடுப்பார்கள். இன்சூரன்ஸில் சொந்தக்காரருக்கென்று 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கிறது. அது ஆர்சியில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் லைசென்ஸும் இருந்தால் மட்டும். வண்டி அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால் அந்தக் காப்பீடு மகளுக்கு வராது. தினமும் ரோட்டில் போகிறவள் அவள், காப்பீடு கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்றால் என்ன பிரயோஜனம்? பதினெட்டு முடிந்திருந்தால் பிள்ளை பெயரிலேயே பதிவு செய்யலாம். நாங்கள் இரண்டு வண்டியையும் அப்படித்தான் எடுத்தோம். பெற்றோர் பெயரில்தான் எடுக்க வேண்டும் என்கிற நிலை இருந்தால், ஓட்டுகிற பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பீடு போட முடியுமா என்று ஏஜென்ட்டிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

அப்புறம்தான் எந்த வண்டி என்கிற கேள்வி. மைலேஜ் எவ்வளவு, என்ன விலை, என்ன கலர் என்றுதான் பேச்சு தொடங்கும். நான் பார்த்த வரையில், புதிதாக ஓட்டும் பிள்ளைகளின் வண்டி அதிகமும் கீழே சாய்வது வேகமாகப் போகும்போது கிடையாது. நிற்கும்போதும், திருப்பும்போதும், ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதும்தான். எங்கள் வீட்டுச் சந்து மூக்கனேரிப் பக்கமாகச் சரிவு. வாசலில் நிற்கிற வண்டியை மேட்டுப் பக்கம் பின்னால் தள்ளித் திருப்பினால்தான் ரோட்டுக்கு வர முடியும். வாங்கலாம் என்று யோசித்த ஒவ்வொரு வகை வண்டியையும் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு மணி நேரம் வாசலுக்குக் கொண்டுவந்து மகளைத் தள்ளச் சொன்னேன். ஓட்ட வேண்டாம், தள்ளு, திருப்பு, சென்டர் ஸ்டாண்ட் போடு, எடு. அவ்வளவுதான். நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றைப் பாதி திருப்பும்போதே அது இடுப்பை விட்டு விலகிச் சாய, அவள் கைமுட்டி நடுங்கியது. பக்கத்தில் நின்ற நான் பிடித்துக்கொண்டேன். அதே இடத்தில் 110 சிசி ஸ்கூட்டியை மூச்சு வாங்காமல் திருப்பினாள். ஷோரூமில் பளிங்குத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

எடைகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். எக்செல் 100 தொண்ணூறு கிலோவுக்கும் குறைவு. ஸ்கூட்டி பெப் பிளஸ் தொண்ணூற்று ஐந்துக்குள். ஆக்டிவா, ஜூபிடர் வகை 105-லிருந்து 110 வரை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112, ஷைன் 100 கிட்டத்தட்ட 99. பல்சர் 150-க்குப் போனால் 140-ஐத் தாண்டிவிடும். ஐம்பது கிலோகூட இல்லாத பிள்ளைக்கு இதில் ஒவ்வொரு பத்து கிலோவும் பெரிய வித்தியாசம். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பாதியாவது ஒரே நேரத்தில் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். ஒரு காலை ஊன்றி மறு காலைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். ஐந்து ரோடு சிக்னலில் ஊன்றிய பக்கம் பள்ளமாக இருந்தால் அவ்வளவுதான்.

எக்செல்லைப் பலர் கிராமத்து வண்டி என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதன் மேல் நிறைய மரியாதை உண்டு. 16 அங்குலச் சக்கரம் என்பதால் குழியில் இறங்கினாலும் முழுங்கிக்கொண்டு போகும். இடம் இருக்கிறது, எந்த மூலையிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. அம்மாபேட்டைக்குள்ளோ தாதகாப்பட்டிக்குள்ளோ வீட்டுக்கும் காலேஜுக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். மகளின் பாதை அப்படியில்லை. அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, குரங்குச்சாவடி, மாமாங்கம் என்று ஓமலூர் ரோட்டோடு போக வேண்டும். மாமாங்கம் தாண்டினால் லாரியும் வெளியூர் பஸ்ஸும் விரட்டும். மாக்னசைட் வெள்ளைப் புழுதி ரோட்டோரத்தில் படிந்திருக்கும் நாளில் ஓரமாக ஒதுங்கவும் பயமாக இருக்கும். ஐம்பதுக்கு மேல் இழுத்தால் திணறுகிற வண்டி அங்கே எல்லோருக்கும் வழி விட்டே நாளைக் கழிக்க வேண்டும். பெப் பிளஸ் கைக்கு அடக்கம்தான், ஆனால் இரண்டு சக்கரமும் 10 அங்குலம். மேம்பால இணைப்பில் ஒரு பிளவைக் கடந்தாலே ஹேண்டில் உதறுகிறது. முன்னும் பின்னும் 12 அங்குலச் சக்கரம் இருப்பதால்தான் ஜூபிடர் பக்கம் சாய்ந்தோம்.

லைசென்ஸே வேண்டாத பேட்டரி வண்டி என்று பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்து விற்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட் மோட்டார் உள்ள வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. தெருவுக்குள் ஓட்டச் சரி. அதை வைத்துக்கொண்டு ஓமலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 25-ஐத் தாண்டினால் அது பதிவும் லைசென்ஸும் வேண்டிய மோட்டார் வண்டி. பதிவு உள்ள பெரிய மின்சார ஸ்கூட்டர்கள் நல்லவைதான், வாசலில் சார்ஜ் போட வசதி இருந்தால். எங்களுக்கு இல்லை.

புதுசா, செகண்ட்ஹேண்டா என்பதில் நான் செகண்ட்ஹேண்ட் கட்சி. முதல் வருஷம் எப்படியும் உரசும், சாயும். புது வண்டியில் கீறல் விழுந்தால் வீட்டில் நடக்கும் சண்டையில், ஏன் விழுந்தது, எங்கே விழுந்தது என்பதைப் பிள்ளை மறைக்க ஆரம்பித்துவிடும். அது கூடாது. ஆனால் எந்த வருஷத்து வண்டி என்பது முக்கியம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்கும் உள்ள எல்லாப் புது வண்டிக்கும் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். ஸ்கூட்டியில் இடது கை பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பதற்றத்தில் பிள்ளைகள் ஒரு பிரேக்கைத்தான் பிடிப்பார்கள், அதிலும் பின் பிரேக்கை. அதனால் அதற்கு முந்தைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய வண்டிக்காரர் முந்தைய புது விலையைக் காட்டிப் பேரம் பேசினால், இன்றைய ஆன்ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

வண்டி பார்க்க எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஜின் சூடாக இருக்கிறதா என்று முதலில் சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தார். நாம் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத குறை தெரியாமல் போய்விடும். செல்ஃப்பைத் தொடாமல் கிக்கரில் உதைத்தார். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்னைப் பின்சீட்டை அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினார். நேராக வரும் இடத்தில் லேசாக ஒரு படியில் விழுகிற மாதிரி நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கிறது, குழியில் விட்டு அடித்து ஓட்டிய வண்டி என்றார். பிரேக் லீவரின் நுனி உருண்டை தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பாடியைப் பெயின்ட் அடித்து மறைப்பார்கள், லீவர் நுனியை யாரும் மாற்றுவதில்லை.

இன்னொரு வண்டி, பார்க்கப் புதுசு மாதிரி. டயரில் பட்டன் நன்றாக இருந்தது. அவர் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 3117. 2017-ஆம் வருஷம் 31-ஆவது வாரம் செய்த டயர். “பட்டன் இருக்குன்னு பாக்காதீங்கக்கா, ரப்பர் செத்துப்போச்சு. மழை பேஞ்சா கோலிக்குண்டு மேல நிக்கற மாதிரிதான்” என்றார். நகத்தை அழுத்திப் பார்த்தேன், கல் போல் இருந்தது. பக்கத்தில் நின்ற சுமாரான வண்டியைத்தான் எடுத்தோம், இரண்டு டயரும் புதிதாகப் போட்டுக்கொண்டோம். வண்டி விலையோடு டயர், பிரேக் ஷூ, பேட்டரிக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம்.

கன்சல்டிங் கடைகளில் “கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு, பேர் மாத்தறத மெதுவா பாத்துக்கலாம்” என்பார்கள். மெதுவாகப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன விபத்துக் காப்பீடு முழுக்க ஆர்சியில் உள்ள பெயரை நம்பித்தான் இருக்கிறது. ஃபாரம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றி, இன்சூரன்ஸையும் மாற்றிய பிறகுதான் மகள் கையில் சாவி. ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் டியூ முடிந்ததற்கான என்ஓசியும் ஃபாரம் 35-ம் கேளுங்கள். சேஸிஸ் நம்பரை நீங்களே குனிந்து வாசித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள், பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

மருமகன் கதை வேறு. அவனுக்கும் ஸ்கூட்டிதான் எடுக்கலாம் என்று தம்பி மனைவி சொன்னாள், வீட்டுச் சாமான் வைக்கலாம் என்று. நாகலூர் ரோட்டில் அவர்களோடு போய்வந்த பிறகு நான் வேண்டாம் என்றேன். மழை விட்ட காலையில் சவுக்கு, சில்வர் ஓக் இலையெல்லாம் வளைவில் நனைந்து ஒட்டிக்கிடக்கும். பனி இறங்கினால் பத்தடி தாண்டித் தெரியாது. சாயங்காலத்தில் காட்டெருமை ரோட்டில் நிற்கும், ஹாரன் அடித்தால் நகராது, நாம்தான் தள்ளி நிற்க வேண்டும். இப்படிப்பட்ட ரோட்டில் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பெரிய பலம். ஸ்கூட்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் கொஞ்சம் பிடிக்கும், வேகம் ரொம்பக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் விட்டுவிடும். அதன்பிறகு இறக்கத்தில் வண்டி தானாக உருளும், எல்லாச் சுமையும் பிரேக் ஷூ மேல்.

அவன் ஆசைப்பட்டது 200 சிசி. “ஏபிஎஸ் இருக்குது அத்தை, சின்ன வண்டியில அது இல்ல” என்று வாதாடினான். நியாயமான வாதம்தான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காப்பாற்றும். ஆனால் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டால் அது ஒன்றும் செய்யாது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலே பாய்கிற வண்டியில் அந்த வேகம் தெரியாமலேயே வந்துவிடும். கடைசியில் ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, 18 அங்குலச் சக்கரம், ஏற்காட்டு நடுவில் இருக்கும் ஒண்டிக்கடையில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் போடுவார். அவன் உயரத்துக்கு எடையும் பொருந்தியது. ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

தம்பியோடு இன்னொன்றும் பேசி முடிவு செய்தோம். மருமகன் நாகலூரிலிருந்து ஒண்டிக்கடை வரை வண்டியில் வருவான். அங்கே நிறுத்திவிட்டுச் சேலத்துக்குப் பஸ். ஊருக்குள் வரும் பஸ் நேரம் ஒத்துவராதது மட்டும்தான் அவன் பிரச்சினை, மலை இறங்குவதற்குப் பஸ் தாராளமாக இருக்கிறது. தினமும் இரண்டு தடவை காட் ரோட்டில் வண்டி ஓட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. வண்டி வாங்கிவிட்டோம் என்பதற்காக முழு தூரமும் அதிலேயே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. மழைக்காலத்தில் மகளும் சில நாள் பஸ்ஸில்தான் போகிறாள்.

வண்டி வந்த பிறகு பழக்குவதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத லேஅவுட் ரோட்டில் விடிகாலையில் ஒரே பயிற்சி: முப்பதில் வா, நான் கை காட்டினால் நிறுத்து. ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் பின் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். முன் பிரேக் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று யாரோ சொல்லி வைத்த பயம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் வருகிறது, அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்குத்தான். ஹேண்டில் நேராக இருக்கும்போது, வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சை பிழிகிற மாதிரி அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். மணல் மேலும் வளைவின் நடுவிலும் அதைத் தொடக்கூடாது. மகளுக்கு இது கை வந்ததை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், நான் கை காட்டியதும் டயர் கிறீச்சிடும் சத்தம் நின்றுபோனது. சத்தமில்லாமல், முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றாள்.

பிறகு ஏற்காடு. நண்பர்களோடு போகும் முன் என்னோடு ஒருமுறை போய்வரட்டும் என்று, வார நாளில் கூட்டம் இல்லாத காலையில் நானும் மகளும் ஆளுக்கொரு வண்டியில் ஏறினோம். ஏறுவது எளிது. லேடி சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் பாடம். மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஹாரன். பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிட வேண்டும், திரும்புவதற்கு அதற்கு ரோடு முழுவதும் தேவைப்படும். வேகத்தை வளைவுக்கு முன்னால் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடக்கூடாது. பார்வை நாம் போய்ச் சேர வேண்டிய பக்கம் இருக்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்.

பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கையை முழுவதும் எடுத்து, மறுபடி தேவைப்படும்போது பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லீவர் கைக்குள் வந்தாலும் வண்டி நிற்காது. அன்றைக்குப் பாதி இறக்கத்தில் கருகல் வாசனை வந்தது. எங்களுக்கு முன்னால் போன ஒரு ஸ்கூட்டியிலிருந்து. அதில் இருந்த பையன்களை நிறுத்தச் சொல்லி, நாங்களும் நின்றோம். பின் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல். தண்ணீர் ஊற்றப் போனான் ஒருவன், வேண்டாம் என்று தடுத்தேன். காய்ச்சிய இரும்பில் தண்ணீர் பட்டால் டிரம் வெடிப்பு விடலாம். ஆற விடுவது ஒன்றுதான் வழி. கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். இன்ஜின் பிடிப்பும் இல்லாமல் இரண்டு பேர் பாரத்தையும் அந்தச் சின்ன ஷூ எத்தனை வளைவுக்குத் தாங்கும்? மருமகனிடம் அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன்: நியூட்ரலில் இறங்குவதாகக் காதில் விழுந்தால் சாவி அப்பாவிடம் போய்விடும்.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக. ஐஎஸ்ஐ முத்திரை, தலையில் மாட்டி வாரைப் பூட்டிய பிறகு பின்னாலிருந்து தூக்கினால் கழன்று வரக்கூடாது, கன்னத்தை இறுக்க வேண்டும். பிள்ளையை நேரில் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள், அளவு சரியில்லாததைப் பை மாதிரி கையில் மாட்டிக்கொண்டுதான் திரிவார்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவதற்கு வீட்டில் ஒரு விதி வைத்தோம். முதல் ஆறு மாதம் யாரையும் ஏற்றக்கூடாது, தங்கையாக இருந்தாலும், அவசரம் என்றாலும். பின்னால் ஐம்பது கிலோ ஏறினால் சிக்னலில் வண்டியைத் தாங்கும் கணக்கும், பிரேக் பிடிக்கிற தூரமும், திரும்பும் வளைவும் மொத்தமாக மாறிவிடும். ஆறு மாதம் ஆனதும் மகளை மறுபடி அதே லேஅவுட் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு நிறுத்தச் சொன்னேன், எங்கள் சந்தின் சரிவில் என்னை வைத்துக்கொண்டே நிறுத்தி எடுக்கச் சொன்னேன். அதில் தடுமாறாத பிறகுதான் இரண்டாவது ஹெல்மெட் வாங்கினோம். சீட்டுக்கு அடியில் அது இருக்கிற நாளில் மட்டும் தோழிக்கு இடம்.